யூலிற்றா அக்காவின் ஏச்சுக் கணக்கு

செய்தி வந்தபோது காலை பத்தேகால். யூலிற்றா அக்கா மாமிக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாமி என்பது எங்கள் அலுவலக வாசலில், தோளுயரத்தில் பூட்டியிருக்கும் கைவிரல் அடையாள இயந்திரம். வரும்போதும் போகும்போதும் எல்லோரும் அதற்கு விரல் காட்ட வேண்டும். விரல் பிடித்துப்போனால் "தாங்க்யூ" என்று ஒரு பெண்குரல் சொல்லும். பிடிக்காவிட்டால் "பிளீஸ் ட்ரை அகெய்ன்" என்று அதே குரல் அதே இனிமையோடு சொல்லும். யாருடைய கையைக் கண்டாலும் ஒரு குறை சொல்வதால் அதற்கு மாமி என்று பெயர் வைத்தவர் யூலிற்றா அக்காதான். அவருடைய சொந்த மாமி அளம்பிலில் நல்ல சுகத்தோடு இருக்கிறார். அவரைவிட இந்த மாமி பரவாயில்லை என்பது அக்காவின் கருத்து.

"இது பிளீஸ் எண்டாவது சொல்லுது."

காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, பழைய பருத்திச் சட்டையிலிருந்து வெட்டியெடுத்த துணியால் மாமியின் கண்ணாடியைத் துடைப்பார். பத்து மணித் தேநீர் முடிந்தபின் இன்னொருமுறை. மாமி "தாங்க்யூ" சொன்னால் "வெல்கம்" என்று பதில் சொல்லாமல் உள்ளே போகமாட்டார். சொல்லாமல் போகிறவர்களை நிறுத்தியும் வைப்பார். புதிதாக மாற்றலாகி வந்த உதவிப் பிரதேச செயலரிடம், "சேர், மாமி தாங்க்யூ சொன்னவா. காது கேக்கேல்லையோ?" என்று அவர் கேட்ட நாளில், எங்கள் கணக்காளர் கௌசலா மேசைக்கடியில் விழாத பேனையொன்றை நெடுநேரம் தேடினார்.

அந்தக் கௌசலாதான் பத்தேகாலுக்கு அறையை விட்டு வெளியே வந்து செய்தியைச் சொன்னார். கார்த்திகை வெள்ளத்தின்போது வேலை செய்த அரச ஊழியர்களுக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு, அதாவது ஓ.ரீ., வழங்கலாம் என்று சுற்றறிக்கை வந்துவிட்டது. யூலிற்றா அக்கா துணியை மாமியின் தலையில் போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அப்பாடா. என்ர மனிசனுக்கு வலை வந்திட்டுது."

அவருடைய கணவர் இன்னாசித்தம்பி நந்திக்கடல் களப்பில் இறால் பிடிக்கிறவர். வெள்ளம் அவருடைய வலையை ஒரே இரவில் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து மச்சானின் வலையில் பங்குக்குப் போய்வருகிறார். "பங்குக்குப் போற மனிசன் வீட்டில கதைக்கிறேல்ல மிஸ். சோத்தைப் பாத்துக்கொண்டு இருக்குது" என்று அக்கா சொல்லியிருக்கிறார். ஓ.ரீ. வந்தால் வலை, வலை வந்தால் கதை. மார்கழியிலிருந்து அவருடைய திட்டம் இதுதான்.

இது முல்லைத்தீவு மாவட்டத்துப் பிரதேச செயலகம் ஒன்று. எது என்று சொல்லப்போவதில்லை. யூலிற்றா அக்காவின் குரலை ஒருமுறை கேட்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பதவி அலுவலக உதவியாளர். கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் கொண்டுபோவதும், தேநீர் ஊற்றுவதும், "சேர் கூட்டத்தில நிக்கிறார்" என்று சொல்வதும் வேலை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எவ்வளவு தாண்டியது என்று கேட்டவர்களுக்கு அன்று பிளேன்ரீயில் சீனி இருக்காது.

கைப்பையில் ஒரு பக்கம் செபமாலையும் நகவெட்டியும், மறுபக்கம் சூடைக் கருவாடு. கருவாடு விற்பனைக்கு. அலுவலகக் கடித உறையில்தான் அதைச் சுற்றுவார். ஒருமுறை மேலிடத்துக்குப் போன தபால் பையில் காணிக் கடிதங்களோடு அரைக் கிலோ சூடையும் போய்விட்டது. கடிதங்களுக்குப் பதில் வந்தது. சூடையைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. "சாப்பிட்டிருப்பினம். மனிசர்தானே" என்று சொல்லி அந்த நட்டத்தை அவர் எங்கள் எல்லோருடைய கருவாட்டு விலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுவிட்டார்.

குரல் தகப்பன் வழிச் சொத்து. அவர் கரைவலைக்காரர். காற்றுக்கு எதிரே நின்று, வள்ளத்தில் இருப்பவனுக்குக் கேட்கக் கத்திப் பழகிய குடும்பம். மெதுவாகக் கதைப்பது எப்படியென்று அங்கே ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை. கதைத்தால் ஏச்சும் கூடவே வரும். அதில் கோபம் கிடையாது. வலையை ஆழத்துக்கு இறக்க ஈயம் கட்டுவதுபோலத்தான் அவர் வசனத்துக்கு ஓர் ஏச்சைக் கட்டுகிறார். "தேத்தண்ணியைக் குடியுங்கோ விசரி, ஆறப்போகுது" என்பது எங்கள் அலுவலகத்தில் உபசரிப்பு.

வெள்ளம் வந்தது கார்த்திகைக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை. குளங்கள் நிரம்பி வான் பாய்ந்தன. வயலும் தெருவும் ஒரே தகடாகின. அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. மாமி தோளுயரத்தில் இருந்தபடியால் நனையவில்லை. உள்ளே மின்கலமும் இருந்தது. ஆகவே வெள்ளத்திலும் அவர் கடமை தவறவில்லை.

மேல்மாடியில் சிலர் தொலைபேசிக்குப் பதில் சொன்னார்கள். கூட்டங்களுக்கு விபரம் தயாரித்தார்கள். அதுவும் தேவையான வேலைதான். யூலிற்றா அக்கா உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டிய பெட்டியில் ஏறினார். அதை ஓட்டியவர் சாரதி நல்லதம்பி, ஒரு நாளைக்கு நாலு வசனம் பேசுகிறவர், அதில் இரண்டு "ஓம்". இருவருமாக ஊர் ஊராகப் போய்ச் சனங்களை ஏற்றிக்கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் இறக்கினார்கள். அங்கேதான் இடைத்தங்கல் முகாம். பிறகு உலருணவு ஏற்றினார்கள், தண்ணீர்ப் பீப்பா ஏற்றினார்கள், ஏற மாட்டேன் என்றவர்களையும் ஏற்றினார்கள்.

பொழுதுபட இருவரும் அலுவலகத்துக்கு வந்து மாமிக்கு விரல் காட்டுவார்கள். நாள் முழுதும் தண்ணீரில் நின்ற விரல். வெளுத்து, ஊறிய கடலைத் தோல்போலச் சுருங்கியிருந்தது.

"பிளீஸ் ட்ரை அகெய்ன்" என்றார் மாமி.

அக்கா விரலை மெழுகுதிரிச் சூட்டில் காட்டிப் பார்த்தார். முகப்பவுடர் பூசிப் பார்த்தார். தலைமயிரில் தேய்த்து எண்ணெய் ஏற்றிப் பார்த்தார். வலக்கை முடிந்து இடக்கை. நல்லதம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு கால் பெருவிரலைத் தூக்கிக் காட்டியதாகவும் ஒரு கதை உண்டு. அதை அக்கா மறுக்கிறார். நல்லதம்பி "ஓம்" என்கிறார். கடைசியில், தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோனியாரிடம் விண்ணப்பம் போனது.

"அந்தோனியாரே, துலைஞ்ச அலுமாரித் திறப்பைத் தந்தனீர். துலைஞ்ச ஆட்டையும் கொண்டந்து விட்டனீர். இந்த ரேகையையும் ஒருக்காத் தேடித் தாரும்."

அந்தோனியார் தந்தார். ஆனால் ரேகை திரும்பி வந்தபோது வெள்ளம் வடிந்துவிட்டிருந்தது.

சுற்றறிக்கை வந்த அன்று பின்னேரமே கௌசலா மாமியின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். மேல்மாடியில் இருந்தவர்களின் உலர்ந்த விரல்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. யூலிற்றா அக்காவின் பெயருக்கும் நல்லதம்பியின் பெயருக்கும் நேரே ஒரே சொல்தான்: வரவில்லை.

"அக்கா, மெசின்படி பாத்தால் வெள்ள நாள் முழுக்க நீங்கள் வரேல்ல."

"மெசின்படி பாத்தால் வெள்ளமும் வரேல்ல மிஸ். அதுவும் விரல் வைக்கேல்ல."

"பகிடி விடாதேங்கோ அக்கா. கடமை நிலையத்தில நிண்டதுக்கு ஓர் ஆதாரம் வேணும்."

"கடமை நிலையத்துக்குள்ள தண்ணிதான் நிண்டது. அப்ப தண்ணிக்கோ குடுக்கப்போறியள் ஓ.ரீ.?"

கௌசலா வவுனியாவிலிருந்து வந்தவர். கண்டிப்பானவர், கெட்டவர் அல்ல. அவர் கையெழுத்திடும் ஒவ்வொரு சதத்துக்கும் பிறகு கணக்காய்வுக்காரர் வந்து கேள்வி கேட்பார்கள். "நான் உங்களை நம்புறன் அக்கா. ஓடிற்காரர் என்னை நம்பவேணுமே" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு வழியும் சொன்னார். முகாமில் இருந்த சனங்கள் வந்து, அக்காவும் நல்லதம்பியும் எந்த நாள், எந்த நேரம், எங்கே நின்றார்கள் என்று சொன்னால், அதை எழுதிப் பிரதேச செயலரின் சிபாரிசோடு அனுப்பலாம். வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும்.

"நேரம் ஆருக்கு மிஸ் ஞாபகம் இருக்கும்? கழுத்தளவு தண்ணிக்குள்ள ஆர் மணிக்கூடு பாத்தது?"

"அப்ப அவைக்கு என்ன ஞாபகம் இருக்கும்?"

யூலிற்றா அக்கா யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"நான் ஏசினது ஞாபகம் இருக்கும்."

அன்று மாலைப் பஸ்ஸில், நடத்துநர் வழியாக, ஊர்களுக்குச் செய்தி போனது. வெள்ளத்துக்கு யூலிற்றா அக்காவிடம் ஏச்சு வாங்கியவர்கள் எல்லோரும் புதன்கிழமை அலுவலகத்துக்கு வரவும்.

புதன்கிழமை பஸ் நிறையச் சனம் வந்தது. திருவிழாவுக்கு வருவதுபோல உடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். நான் இங்கே அபிவிருத்தி உத்தியோகத்தர். கௌசலாவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, சொல்வதை எழுதும் வேலையை எனக்குத் தந்தார்கள்.

முதலில் வந்தவர் சிற்றம்பலம் அப்பு, தனியாக இருந்து வயல் செய்கிற கிழவர். சைக்கிளையும் ஏற்றினால்தான் தானும் ஏறுவேன் என்று இடுப்பளவு தண்ணீரில் நின்று அடம்பிடித்தவர்.

"எனக்கு விழுந்தது வியாழக்கிழமை. றேடியோவில ஆறுமணிச் செய்தி தொடங்கினது. 'பழங்கிழட்டுக் கோதாரி, சைக்கிளை ஏத்தினால் உம்மை இறக்குவன்' எண்டவா." அப்பு சுற்றியிருந்தவர்களைப் பெருமையோடு பார்த்தார். "என்ர மனிசி செத்த பிறகு என்னை அப்பிடி ஒருத்தரும் ஏசினதில்லை."

அடுத்தவர் தனுஷா, கைக்குழந்தைக்காரி. குடிதண்ணீர்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில் பிள்ளையின் துணி அலசியதற்காக வெள்ளிக்கிழமை காலை "மடைச்சி" வாங்கியவர். "காலைச் சாப்பாட்டுக்குப் பாண் குடுக்க முன்னம் ஏசினவா. பாண் குடுத்த பிறகும் ஒருக்கா ஏசினவா. ரெண்டையும் எழுதுங்கோ மிஸ்."

"எனக்கு அதைவிடப் பெரிசு" என்றார் பின்னால் நின்ற ஒருவர். யாருக்கு விழுந்தது பெரிது என்று வரிசையில் வாக்குவாதம் தொடங்கியது. யூலிற்றா அக்கா தேநீர்த் தட்டோடு வந்து, "மூதேசியள், சாட்சி சொல்ல வந்தனீங்களோ சந்தைக்கு வந்தனீங்களோ?" என்று கேட்டார். எல்லோரும் மகிழ்ச்சியோடு அமைதியானார்கள்.

எனக்குத்தான் சிக்கல். ஏச்சை எப்படிக் கோப்பில் எழுதுவது? கோதாரிக்கு நிர்வாகத் தமிழில் சொல் இல்லை. கௌசலா உதவினார். சிற்றம்பலம் அப்புவுக்கு விழுந்ததை, "உடைமையை விட உயிர் முக்கியம் எனப் பயனாளி அறிவுறுத்தப்பட்டார்" என்று எழுதினோம். தனுஷாவின் மடைச்சி, "சுகாதார விழிப்புணர்வு வழங்கப்பட்டது" ஆனது. பாணுக்குப் பின் விழுந்தது, "தொடர் விழிப்புணர்வு".

நல்லதம்பிக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வெள்ளம் முழுதும் அவர் யாரோடும் கதைக்காததால் யாருக்கும் அவர் ஞாபகத்தில் இல்லை. "அந்த மனிசனை நான் ஏசினனான், அதை எழுதுங்கோ" என்றார் அக்கா. "வண்டிச் சில்லை மதகுக்குள்ள விட்டவர். ஊரே கேட்டது." ஊர் ஆமோதித்தது. "சாரதிக்குப் பாதை வழிகாட்டல்" என்று எழுதி, அவரையும் உள்ளே சேர்த்தோம்.

நான் எழுதியதை அக்கா வாங்கி, கையைத் தூர நீட்டி வைத்து வாசித்தார். முகம் சுருங்கியது.

"இதென்ன பிள்ளை, ஆரோ செத்த வீட்டில நோட்டீஸ் வாசிக்கிற மாதிரி? 'அறிவுறுத்தப்பட்டார்.' நான் இப்பிடிச் சொல்லியிருந்தால் அந்தக் கிழவன் இப்பவும் தண்ணிக்குள்ளதான் நிண்டிருப்பார்."

"ஓம், நிண்டிருப்பன்" என்றார் அப்பு.

கடைசியாக அனோஜா என்ற பெண் வந்தார். "என்னை ஒண்டும் ஏசேல்ல மிஸ்" என்றார் கவலையோடு. கௌசலா நிமிர்ந்தார். முகாமில் இருந்த ஒருவருக்கு ஏச்சு விழவில்லை என்றால் கணக்கே பிழையாகிவிடும். விசாரித்தபோதுதான் தெரிந்தது, வெள்ளத்துக்கு அனோஜா முகாமுக்கு வரவே இல்லை. புதுக்குடியிருப்பில் தமக்கை வீட்டில் இருந்திருக்கிறார். ஊரே பஸ்ஸில் வருகிறதே, தான் மட்டும் ஏன் வீட்டில் இருக்க வேண்டும் என்று வந்தவர். அக்கா அந்த இடத்திலேயே அவருக்கு ஒன்று கொடுத்து அனுப்பினார். கௌசலா பேனையைக் கீழே வைத்துவிட்டு, "மெசினைவிட இது சரியாக் கிடக்கு" என்றார்.

பின்னேரம் ஏச்சுகளை நாளும் நேரமுமாக அடுக்கிக் கூட்டினோம். வியாழன் நிறைந்தது. வெள்ளி வழிந்தது. ஞாயிறும் திங்களும் குறைவில்லை. சனிக்கிழமை பகலும் இருந்தது. சனிக்கிழமை பொழுதுபட்டதிலிருந்து விடியும் வரைதான் ஒன்றும் இல்லை. ஓர் ஏச்சும் இல்லை.

"அக்கா, சனி இரவுக்குத்தான் காசு கூட வரும். அது இல்லாட்டி வலைக்குக் காணாது" என்றார் கௌசலா. "அண்டைக்கு ஒருத்தரையும் ஏசேல்லையோ?"

கடைசிப் பஸ்ஸுக்காக வாசலில் நின்ற சிற்றம்பலம் அப்பு எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அண்டு இரவு சத்தமே இல்லை. யூலிற்றாப் பிள்ளை வீட்ட போயிட்டுதாக்கும் எண்டு நினைச்சன். பயமாக்கூடக் கிடந்தது."

"வீட்ட போனனீங்களோ அக்கா?"

"இல்லை மிஸ். பள்ளிக்கூடத்திலதான் நிண்டனான்."

"பள்ளிக்கூடத்தில எங்க?"

யூலிற்றா அக்கா தட்டில் இருந்த வெறும் கிளாசுகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்.

எங்கே என்பது எனக்குத் தெரியும். முதலாம் வகுப்பறையில், என் அம்மாவுக்குப் பக்கத்தில். வெள்ளிக்கிழமை அம்மாவை வீட்டிலிருந்து தூக்கி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவரும் அவர்தான். நான் பயிற்சிக்கென்று கிளிநொச்சி போன இடத்தில், பாதை அறுந்து, திரும்ப முடியாமல் நின்றுவிட்டேன். சனி இரவு அம்மாவுக்கு மூச்சு முட்டி இழுத்தது. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வள்ளம் விடியத்தான் வர முடியும் என்றார்கள். விடிய வந்தது. அம்மா அதுவரை இருக்கவில்லை.

கௌசலாவுக்கும் அப்போதுதான் அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் ஒரு வரி எழுதினால் காணும், தங்கச்சி. நோயாளியைப் பராமரித்தல் எண்டு. அதுவும் கடமைதானே."

நான் பேனையை எடுத்தேன். யூலிற்றா அக்கா கிளாசுகளை வைத்துவிட்டு வந்து, அதை என் கையிலிருந்து மெல்ல உருவினார்.

"எழுதாதேங்கோ பிள்ளை. அண்டைக்கு நான் வேலை செய்யேல்ல. நானும் அம்மாவும் கதைச்சுக்கொண்டிருந்தனாங்கள்."

இதை அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"அக்கா, அப்ப வலை?" என்றார் கௌசலா.

"வலை கொஞ்சம் சின்னனா இருக்கட்டும் மிஸ். இறாலையும் சின்னனாப் பாத்துப் பிடிக்கச் சொல்லி மனிசனுக்குச் சொல்லுறன்." பேனைக்கு மூடியைப் போட்டு மேசையில் வைத்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பினார். "அப்பு, உதில நிண்டு என்ன விடுப்புப் பாக்கிறீர்? பஸ் போகப்போகுது, கோதாரி, ஓடும்!"

அப்பு ஓடினார்.

வெள்ளத்தின் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வள்ளத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, அம்மாவின் வலக்கை நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. இடக்கையில் பெருவிரல் நகம் மட்டும் வெட்டியிருந்தது.